ஆத்தைக் காப்பாத்த வந்த அப்புமாருக்கு

குண்டாத்தைக் காப்பாத்துறதுன்னு முடிவெடுத்து வந்திருக்கீக. சந்தோசம் அப்பு. அப்ப முதல் காரியமா பனியன் அடிச்சிருங்க. நீலக் கலரா இருக்கட்டும். ஆத்துத் தண்ணி என்ன கலர்ல இருக்கும்னு எங்க ஊர்ப் புள்ளைக அதைப் பாத்தாவது தெரிஞ்சுக்கிரும். முதுகுல ஆத்துப் பேரு, நெஞ்சுல துட்டு குடுத்த புண்ணியவான் பேரு. அந்தப் பறக்குற கேமராவையும் மறக்காமக் கொண்டாங்க. மேல நின்னு பாத்தாத்தான் இது ஆறுன்னு தெரியுது. கீழ நின்னு பாக்குறவனுக்கு இது வெறும் கருவேலங்காடு.

அடுத்தது கன்னு நடணும். முன்னால வந்த ஒரு கூட்டம் ஆத்துக்குள்ளயே வரிசை பிடிச்சு நட்டுட்டுப் போச்சு. நல்ல மனுசக, திரும்ப எப்ப வருவாகன்னு எங்க ஊர் வெள்ளாடுக இன்னமும் விசாரிச்சுக்கிட்டே இருக்கு. தப்பித் தவறி அதுல ரெண்டு பிழைச்சு மரமாகி நின்னா, வெள்ளம் வர்ற வருசம் குறுக்க அடைச்சுக்கிட்டு நிக்கும். அதை வெட்ட இன்னொரு கூட்டம் பச்சைப் பனியன் போட்டுக்கிட்டு வரும். எப்படியோ பனியன் கடைக்காரன் பிழைப்பான்.

கோவிச்சுக்கிராதீக. இந்த வேகாத வெயில்ல ஆத்தைப் பத்தி விசாரிக்க நாலு பேரு வர்றதே பெரிய விசயம். இங்க வந்து ஆத்தை விசாரிக்கிறவன் லோடு என்ன விலைன்னுதான் விசாரிப்பான். நீங்க அதைக் கேக்கலை, அதுக்கே ஒரு சொம்பு மோர் குடுக்கலாம். இந்தா, குடிச்சுக்கிட்டே கேளுங்க. தாயி, அந்த நோட்டைக் கொஞ்ச நேரம் மூடி வையி. எழுதிக்கிட்டிருந்தா கேக்குறது காதுல ஏறாது.

ஆத்தைக் காப்பாத்தணும்னா ஆத்துப் பக்கம் தலைவச்சுப் படுக்காதீக. நீங்க வண்டியை நிறுத்தின பாலத்தடியில ஒண்ணும் கிடையாது. வருசநாட்டு மலைக்குக் கிழக்காலச் சரிவுல பொறந்து, திருமங்கலம், காரியாபட்டி, திருச்சுழி, கமுதின்னு இறங்கி, மன்னார் வளைகுடாவுல விழுகணும்னு இதுக்கு ஏற்பாடு. வழி நெடுகக் கம்மாய். மேலக் கம்மாய் நிறைஞ்சு கலுங்கு தாண்டினா அடுத்த கம்மாய்க்குத் தண்ணி, அது மறுகால் போனா அதுக்கடுத்ததுக்கு. இதெல்லாம் குடிச்ச மிச்சம்தான் ஆத்துல ஓடும். எங்க சீமையில வருசத்துக்கு 800 மில்லிமீட்டர் சொச்சம் மழை. அதுல பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில கொட்டித் தீர்த்துட்டுப் போயிரும். அந்த ரெண்டு மாசத் தண்ணியைப் பிடிச்சு வச்சுத்தான் பத்து மாசம் ஓட்டணும். அதனால ஆத்தைத் தேடுறவன் கம்மாய்க்குப் போகணும். கம்மாயைத் தேடுறவன் வரத்துக்காலுக்குப் போகணும். வரத்துக்காலைத் தேடிப் போனா அங்க என் மச்சினன் நிப்பான்.

வாங்க, எங்க வரத்துக்காலைக் கூட்டிட்டுப் போய்க் காட்டுறேன். நல்ல செருப்பாப் போட்டுக்கிட்டு வாங்க, கருவமுள்ளு டிராக்டர் டயரையே பதம் பாக்கும். கிராமக் கணக்கு வரைபடத்துல அந்தக் கால்வாய் ரெட்டைக் கோடு போட்டு அம்சமா இருக்கும். தரையிலதான் தேடணும். தலைமாட்டுல ரெண்டு மாட்டுவண்டி ஒதுங்குற அகலம். அடுத்த புஞ்சைக்கு வந்தா ஒரு வண்டி. அதையும் தாண்டினா ஒரு ஆளு நடக்கலாம். அதுக்கும் கீழ ஒரு ஆடு போகலாம், அதுவும் மெலிஞ்ச ஆடு. யாரும் ஒரே நாள்ல மண்ணள்ளிப் போட்டு மூடலை. அப்படிச் செஞ்சா ஊரு கேக்கும்ல? ஒவ்வொரு உழவுக்கும் ஒரு சால் உள்ள தள்ளி ஓட்டுறது. இந்தப் பக்கத்துக்காரன் ஒரு சால், அந்தப் பக்கத்துக்காரன் ஒரு சால். இப்படியே ஓட்டினா ஒரு தலைமுறையில கால்வாய் வரப்பாகிரும். டிராக்டர் வந்த பிறகு அந்தப் பொறுமையும் போச்சு.

அதுல கடைசி முக்கால் ஏக்கர் என் மச்சினன் போட்ட பருத்தி. கால்வாய் எங்கடான்னு கேட்டா, மழையே இல்லை, கால்வாய் எதுக்கு மச்சான்ங்கான். மழை பேஞ்ச வருசம் கேட்டா, தண்ணிதான் தன்னால போகுதேங்கான். போகுதுதான், அவன் பருத்தியையும் சேத்து இழுத்துக்கிட்டுப் போகுது. போன மறுநாள் வெள்ள நிவாரணத்துக்கு மனு எழுதிக்கிட்டு நிக்கான். அவனைத் திட்டுறதுக்கு முன்னால ஒண்ணு யோசிங்க. ஊர்ல அவன் ஒருத்தன்தான் மச்சினனா? ஒவ்வொரு வரத்துக்காலுக்கும் ஒருத்தன் இருக்கான், அவன் யாருக்காவது மச்சினனா இருக்கான். ஆக்கிரமிப்பை எடுக்கணும்னு 2007-ல சட்டமே போட்டாச்சு. சட்டத்துக்குச் சொந்தபந்தம் கிடையாது. அதை எடுத்துக்கிட்டு வர்ற ஆளுக்கு இருக்கே!

அவன் பருத்தியைத் தாண்டினா ரோடு. ரோட்டுக்கு அடியில தண்ணி போகக் குழாய் போட்டிருக்காக, குறை சொல்லக் கூடாது. ஆனா குனிஞ்சு பாருங்க. குழாயோட அடிவாய், கால்வாய்த் தரையைவிட ஒரு முழம் மேல நிக்குது. தண்ணி ஏணி வச்சு ஏறினாத்தான் அங்கிட்டுப் போகும். கேட்டா, வரைபடத்துல அப்படித்தான் இருக்குதாம். இந்த ஒரு முழத்துக்கு மேக்கால ஒவ்வொரு மழைக்கும் தண்ணி தேங்கி நிக்கும். கிழக்கால கம்மாய் காஞ்சு கிடக்கும். பள்ளத்துல தண்ணி நிக்குதுன்னு பத்திரிகைக்காரக வந்து படம் பிடிச்சுப் போடுவாக, வெள்ளக்காடுன்னு. அதே வாரத்துல கம்மாயைப் படம் பிடிச்சு வறட்சின்னு போடலாம். ரெண்டுக்கும் நடுவுல ஒரு குழாய்தான்.

இதை யாருகிட்டப் போய்ச் சொல்லன்னு கேப்பீக. அங்கதான் இருக்கு கூத்து. 1948-ல ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்துச்சு, ராமநாதபுரம் ஜமீன் கம்மாய்களெல்லாம் சர்க்கார் கைக்குப் போச்சு. சர்க்கார் பாகம் பிரிச்சுச்சு. ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்கு மேலன்னா பொதுப்பணித் துறை, இப்ப அதை நீர்வளத் துறைங்காக. அதுக்குக் கீழன்னா ஊராட்சி ஒன்றியம். தரைக்கு வருவாய்த் துறை. கம்மாய்க்குள்ள மரம் வளர்த்தது வனத் துறை. மண்ணைத் தொட்டா கனிமவளத் துறை. ரோட்டுக்கு ரோட்டுக்காரக. மீனுக்கு ஏலக்காரன். ஒத்தைப் பொண்ணுக்கு ஊர்ப்பட்ட மாப்பிள்ளை சம்பந்தம் பேசின கதைதான்; கரை உடையிற ராத்திரி மட்டும் அத்தனை பேரும் வெளியூர் போயிருப்பாக.

அதுக்குள்ள நம்ம பயலுக காவேரி வருதுன்னு வேற சொல்லிட்டாக. காவேரி, வைகை, குண்டாறு இணைப்பு. 2021 பிப்ரவரியில அடிக்கல் நாட்டினாக. 262 கிலோமீட்டர் கால்வாய், 14,400 கோடி ரூபாய். வரட்டும், யாரு வேணாம்னா? மாயனூர்ல இருந்து அவ்வளவு தூரம் மெனக்கெட்டு வர்ற தாயி, கடைசியா எங்க ஊருக்குள்ள எந்த வழியா வருவா? அதே வரத்துக்கால்ல. 262 கிலோமீட்டரையும் சர்க்கார் வெட்டிரும். மிச்சம் இருக்கிற முக்கால் ஏக்கரை என் மச்சினன்கிட்ட யாரு கேக்கிறது?

சரி, சீமைக் கருவேலத்துக்கு வருவோம். உங்க நோட்டீஸ்ல அதைத்தான் அரக்கன் மாதிரிப் படம் போட்டிருக்கீக. முள்ளுக்குள்ள தண்ணி நிக்காது, மடையை அடைக்கும், கரையைத் துளைக்கும், எல்லாம் நெசம். ஆனா எங்க ஊர்ல நாலு புள்ளை காலேஜுக்குப் போயிருக்குன்னா அதுல மூணு புள்ளைக்கு ஃபீஸ் கட்டினது கரி மூட்டம். மானாவாரி பொய்ச்ச வருசமெல்லாம் அடுப்பெரிஞ்சது அந்த முள்ளுலதான். நீங்க அரக்கன்கிறதை வெட்டிக் கஞ்சி குடிச்சவுக கிட்ட வந்து அரக்கன் ஒழிகன்னு கோசம் போட்டா, ஒழிகன்னு கூடச் சேந்து சொல்லுவாக. சொல்லிட்டுப் போய் மூட்டம் போடுவாக. கம்மாய்க்குள்ள எடுங்க, வரத்துக்கால்ல எடுங்க, பட்டா நிலத்துல விட்டு வையிங்க. எடுத்தா வேரோட எடுக்கணும். அடிக்கட்டையை விட்டுட்டு செல்ஃபி எடுத்துட்டுப் போனா, அடுத்த மழைக்கு ஒண்ணு நின்ன இடத்துல ஏழு கிளைச்சு நிக்கும். அதை வெட்டி விக்கிற காசு யாருக்குன்னு வெட்டுறதுக்கு முன்னாலயே மந்தையில வச்சுப் பேசிருங்க. பின்னால பேசினா வெட்டு வேற இடத்துல விழுகும்.

அடுத்தது உங்க ஜேசிபி ஆசை. தூர் வாருறதுன்னு ஒரு வார்த்தை கிடைச்சதும் கிணறு வெட்டுற ஆழத்துக்குப் போயிராதீக. மடைவாசல் எந்த மட்டத்துல இருக்குன்னு முதல்ல பாக்கணும். மடைக்குக் கீழ எத்தனை அடி தோண்டினாலும் அந்தத் தண்ணி ஆடு மாடு குடிக்கும், கொக்கு குளிக்கும்; வயலுக்கு ஒரு சொட்டு வராது. அடிக்களியைப் பேத்துட்டா தண்ணி நிக்கவும் செய்யாது. கரை ஓரத்துல தோண்டினா கரையே உள்ள உக்காந்திரும். வண்டல் மட்டும் வழிச்சு எடுக்கணும், கரம்பை. அதைச் சம்சாரி அள்ளிட்டுப் போய்ப் புஞ்சையில போட்டுக்கிரலாம். அதுக்கு விலை கிடையாது, தாலுகா ஆபீஸ்ல அனுமதி வாங்கினாப் போதும். பாத்துக்கிட்டே இருங்க, ரெண்டாவது நாளு வர்ற லாரி கரம்பைக்கு வந்த லாரி இல்லை. சம்சாரி வண்டி புஞ்சைக்குத் திரும்பும். தார்ரோட்டுக்குத் திரும்புற வண்டியை நிறுத்தி, அய்யா உங்க புஞ்சை எந்த ஊர்லன்னு மரியாதையாக் கேளுங்க.

அந்தக் காலத்துல ஊரே கூடி மராமத்துப் பாத்துச்சாம், குடிமராமத்துன்னு மேடைக்கு மேடை பேசுறீக. 2017-ல சர்க்காரும் அதே பேர்ல திட்டம் கொண்டாந்துச்சு, முதல் தவணையா 1,519 வேலை, 100 கோடி. பேரு நல்ல பேரு. ஆனா அந்தக் காலத்தைப் பத்தி நானும் ரெண்டு வார்த்தை சொல்லணும், ஏன்னா உங்களுக்கு அது ரொம்ப இனிக்குது. ஊர் கூடுச்சுங்கிறது நெசம். பங்குக்கு ஒரு ஆளு, வராத பங்குக்குக் குத்தம், அதெல்லாம் நெசம். வந்த ஆளு யாருன்னுதான் கேக்கணும். பங்கு இருந்தவன் கரையில நின்னு எண்ணினான். அவன் பண்ணையாளு மண்ணைச் சுமந்தான். வெள்ளைக்காரன் 1858-ல இதுக்குச் சட்டமே போட்டான், வழக்கப்படி வேலைக்கு வராதவன் கூலியைப் போல ரெண்டு மடங்கு கட்டணும்னு. சட்டத்தைப் போட்டுட்டு வரியையும் வாங்கிட்டுப் போயிட்டான், மராமத்துச் செலவை யாரு பாக்கிறது?

நீர்ப்பாய்ச்சியைப் பத்தி உங்க பேச்சுல ஒரு வார்த்தை வரலை. மதுரைப் பக்கம் மடைக்குடும்பன்பாக. கம்மாய்க்குள்ள கல்தூண் நட்ட குமிழித்தூம்பு பாத்திருக்கீகளா? கம்மாய் நிறைஞ்சு நிக்கும்போது அந்த ஆளு நீந்திப் போயி, மூச்சைப் பிடிச்சு உள்ள முங்கி, அடியில இருக்கிற துளையோட அடைப்பைத் திறக்கணும். திறந்த மாத்திரத்துல தண்ணி இழுக்கும். மேல வந்தா பிழைச்சான். சேறு போறதுக்குத் தனித் துளை, தண்ணி போறதுக்குத் தனித் துளைன்னு வச்சுக் கட்டின அறிவு பெரிசுதான், நோட்டுல எழுது தாயி. அதைத் திறந்த ஆளையும் எழுது. எந்த வயலுக்கு எத்தனை நாழிகைன்னு பாய்ச்சுறது அவன் பொறுப்பு. வெள்ளைவேட்டிக்காரன் வயல்னாலும் முறை வந்தாத்தான் மடை திறப்பான். அறுவடைக்குக் களத்துல இத்தனை மரக்கால்னு அவனுக்குப் பங்கு, அதுக்குப் பேரு சுதந்திரம். பல ஊர்ல அந்த ஆயக்கட்டுல அவனுக்குன்னு நிலம் கிடையாது. நிலம் இல்லாதவன்தான் ஓரவஞ்சனை இல்லாமப் பாய்ச்சுவான்னு அதுக்கு ஒரு நியாயம் சொன்னாக. அந்த நியாயத்தைச் சொன்னவுக எல்லாரும் நிலம் வச்சிருந்தவுக.

இப்ப அவன் பேரன் திருப்பூர்ல பனியன் தைக்கிறான். உங்க நீலப் பனியன்கூட அவன் தைச்சதா இருக்கும். அவனைத் திரும்ப வந்து சும்மா முங்குன்னு சொல்ல உங்களுக்கும் எனக்கும் வாய் கிடையாது. மடையைப் பாக்க ஆளு வேணும்னா மாசச் சம்பளம் போடணும், கூட்டத்துல நாற்காலி போடணும். முதல் செலவா அதை எழுதுங்க. பனியனுக்கு மிஞ்சினா அடிச்சுக்கிரலாம்.

வடக்கே ராஜஸ்தான்ல அல்வார் ஜில்லாக் கதை ஒண்ணு உண்டு. நீங்க ராஜேந்திர சிங்கைப் படமாப் போட்டு மாட்டியிருப்பீக. 2001-ல மகசேசே, 2015-ல ஸ்டாக்ஹோம் தண்ணிப் பரிசெல்லாம் வாங்கினவரு. 1985-ல அவரு சில கூட்டாளிகளோட அங்க போய் இறங்கினப்ப, உங்களை மாதிரித்தான், ஊரைத் திருத்தணும்னு போனாக. பள்ளிக்கூடம் நடத்தணும், வைத்தியம் பாக்கணும். கோபால்புரான்னு ஒரு ஊர்ல மாங்கு மீனான்னு ஒரு கிழவரு. படிப்பும் வேணாம் மருந்தும் வேணாம், மண்வெட்டியை எடுத்துக் குளத்தை வெட்டுங்கன்னு சொல்லிட்டாரு. கூட வந்தவுகள்ல சிலர் அதைக் கேட்டதும் மூட்டையைக் கட்டிட்டாக. மண்வெட்டின்னா அப்படித்தான், நட்பைச் சோதிக்கிற ஆயுதம் அது. சிங்கு நின்னாரு, வெட்டினாரு. கிழவரு காட்டின இடத்துல வெட்டினாரு, அதுதான் முக்கியம். நான் இப்பவே சொல்லி வைக்கேன், உங்களுக்குப் பரிசு வந்தா பாதி எனக்கு.

அங்க அவுக கட்டினது பெரிய அணை இல்லை. ஜோஹட்ங்காக, பிறை மாதிரி வளைஞ்ச மண்கரை. ஓடை ஓடையா, மேட்டுல இருந்து தொடங்கிக் கீழ நோக்கி. மலையில இருந்த காட்டை ஊரே காவல் காத்துச்சு. மழை எங்களைவிடக் குறைச்சல்தான் அங்க. பத்து வருசத்துல கிணத்துல தண்ணி ஏறி, அர்வரின்னு செத்துக் கிடந்த ஆறு வருசம் முச்சூடும் ஓடத் தொடங்குச்சு. இதுக்கு நடுவுல சர்க்கார் என்ன செஞ்சதுன்னு கேளுங்க. கரை போட்ட ஊருக்கு, அனுமதி இல்லாமத் தண்ணியைத் தடுத்தது குத்தம்னு நோட்டீஸ் குடுத்துச்சு. 2001-ல கூட லாவா கா பாஸ்ங்கிற ஊர்ல ஜனங்க கட்டின அணையை இடிக்கணும்னு பாசனத் துறை நின்னுச்சு. ஆனா அதுக்கு முந்தின வருசந்தான் ஜனாதிபதி கே.ஆர். நாராயணன் அந்தப் பக்கத்து ஊர்க்காரகளுக்குப் பரிசு குடுக்க நேர்லயே வந்து போயிருந்தாரு. ஒரு கை மாலை போடுது, ஒரு கை கடப்பாரை எடுக்குது. சர்க்காருக்கு எத்தனை கைன்னு எண்ணி முடிச்சவன் கிடையாது.

இதெல்லாம் நீங்க புத்தகத்துல படிச்சிருப்பீக. நான் சொல்ல வந்தது மீன் கதை. ஆறு ஓடத் தொடங்கினதும் மீன் வந்துச்சு. மீன் வந்ததும், ஆறு செத்துக் கிடந்த காலத்துல எட்டிப் பாக்காத மாநில அரசுக்கு அது நம்ம ஆறுன்னு ஞாபகம் வந்துச்சு. 1996-ல மீன்பிடி உரிமத்தை ஒரு கான்ட்ராக்டருக்குத் தூக்கிக் குடுத்துட்டாக. ஊர்க்காரக விடலை, மறிச்சு நின்னு ரத்துப் பண்ண வச்சாக. அதுக்குப் பிறகுதான் அவுகளுக்கு உறைச்சது, ஆத்தைக் கொண்டாந்தது சின்ன வேலை, வந்த ஆத்தைக் கட்டிக் காக்கிறது பெரிய வேலைன்னு. 1999 ஜனவரி 26-ல ஹமீர்பூர்ல 70 ஊர் கூடி, ஆத்துக்குன்னு ஒரு பார்லிமெண்டு வச்சாக. கான்ட்ராக்டருக்குப் பயந்து வச்சதுன்னு நினைச்சிராதீக. தங்களுக்கே பயந்து வச்சது. கரும்பு போடக் கூடாது, நெல்லு போடக் கூடாது, ஆழ்துளை போடக் கூடாதுன்னு அவுக போட்ட கட்டுப்பாடெல்லாம் யாருக்கு? அவுகளுக்குத்தான். தண்ணி இல்லாத காலத்துல எல்லாரும் உத்தமன். தண்ணி வந்த மறுவருசம் எவன் கரும்புக் கரணை வாங்கப் போறான்னு பாக்கணும்.

இன்னொண்ணு. அங்க கட்டினதைப் பாத்து இங்க கட்டிராதீக. அங்க பாறை, தேங்கின தண்ணி வெடிப்புல இறங்கி, கீழ ஊத்தா வந்து ஆத்துல சேரும். இங்க கரிசக்களி, தண்ணி இறங்காது, நிக்கும், மடைவழியாத்தான் பாயும். பாலத்துக்குப் பாலம் சிமெண்டு தடுப்பு கட்டி, கீழ ஊர்க்காரன் வயித்தெரிச்சலைக் கட்டிக்கிராதீக. அவுக கட்டினதை விட்டுருங்க, கூடினதைப் பாத்துக் கூடுங்க.

கூடுறதுன்னு சொன்னதும் இந்த ஊர் மந்தையில மைக் செட்டு போட்டிருவீக. தப்பு. முதல் கூட்டம் கீழ ஊர்ல போடுங்க. எங்களுக்குக் கீழ இருக்கிற கம்மாய்க்காரகளுக்கு எங்க மேல நம்பிக்கை கிடையாது. நியாயம்தான். கலுங்குக் கல்லு நட்டிருக்கு பாருங்க, வரிசையா, அந்த மட்டம் வரைக்கும் எங்களுக்கு, அதுக்கு மேல வர்றது அவுகளுக்கு. மழை நிக்கப் போற மாதிரி இருக்கிற ராத்திரி எங்க ஆளுக போய்க் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவுல புல்லுக்கட்டியும் களியும் வச்சு அப்பிருவாக. ஒரு சாண் தண்ணி கூட நிக்கும். விடியக்காலம் அவுக வேல்கம்போட வருவாக. இப்ப நீங்க வந்து எங்க கம்மாயைத் தூர் வாரி, கரையை உசத்திக் குடுத்தீகன்னா, அதை ஆறு காப்பாத்துறதுன்னு நாங்க சொல்லுவோம். கீழ ஊர்ல வேற பேரு சொல்லுவாக. அவுக கண்ணு முன்னால கலுங்கு மட்டத்தை அளந்து, கல்லுல வெட்டி வையிங்க. அதுக்கு அப்புறம் மண்வெட்டியைத் தொடுங்க.

கூட்டத்தைக் காலையில பத்து மணிக்குன்னு வைக்காதீக. அந்நேரம் ஊர்ல பாதிப் பொம்பளைக நூறு நாள் வேலையில இருப்பாக. இப்ப ஊர்ல மண்வெட்டி பிடிக்கத் தெரிஞ்சவுக அவுகதான். ஆம்பளைக டீக்கடையில மாநில அரசியலைத் தூர் வாரிக்கிட்டு இருப்போம். எந்த இடத்துல கரை கசியும், எந்த வாய்க்கால்ல காலை வச்சா உள்ள போகும்னு அவுகளுக்குத் தெரியும். சாயங்காலம் விளக்கு வைக்கிறதுக்கு முன்னால வையிங்க, பதினைஞ்சு நிமிசத்துல முடிங்க. பேச்சாளர் வேணாம். பேச்சாளர் வேணும்னா நான் இருக்கேன்.

பனை விதை கொண்டாந்திருக்கீகன்னு கேள்விப்பட்டேன். அதை மட்டும் குடுத்துட்டுப் போங்க. கரையில ஊனலாம், ஆடு திங்காது, தண்ணி ஊத்த வேணாம். அது மரமாகிறதுக்குள்ள உங்க தலைவருக்குப் பேரன் பொறந்திருவான், படம் பிடிக்க அவசரமில்லை.

கடைசியா, என் மச்சினன் விசயம். சர்வேயரைக் கூட்டிட்டு நேரா போயிராதீக. அவன் சர்வேயரைப் பாத்தான்னா வக்கீலைப் பாப்பான், வக்கீல் வாய்தாவைப் பாப்பாரு, குண்டாறு அதுக்குள்ள வங்காள விரிகுடாவுக்கு மாறிரும். பங்குனி கடைசியில பருத்தி எடுத்து முடிச்சு மாரைப் பிடுங்குவான். நிலம் வெறுமனே கிடக்கிற அந்தப் பத்து நாளைக்குள்ள போங்க. அவனைத் தனியாப் பிடிக்காதீக. கால்வாய்க்கு ரெண்டு பக்கத்துக்காரனையும் சேத்து நிறுத்தி, ரெண்டு பேருக்கும் ஒரே அளவு இழப்புன்னு காட்டுங்க. பக்கத்துக்காரனுக்கும் போகுதுன்னா அவன் பாதி சம்மதிச்சிருவான். அவன் வீட்டுல கருப்பட்டிக் காப்பி குடுப்பாக. அபாரமா இருக்கும். ஒரு டம்ளரோட எந்திரிச்சிருங்க. ரெண்டாவது டம்ளர் உள்ள போச்சுன்னா, இந்த ஒரு இடத்தை விட்டுட்டு மத்ததை வெட்டினா என்னன்னு உங்களுக்கே தோணிரும், எத்தனையோ அதிகாரிகளுக்குத் தோணியிருக்கு.

நான் கூட வரலை அப்பு. இந்த மோரு அவன் அக்கா கடைஞ்சது.